கணினிச் சத்தத்தை எந்த வயரில் எடுப்பது: பச்சை ஜாக்கா, ஆப்டிகலா, எச்டிஎம்ஐயா, யுஎஸ்பியா?

போன மாதம் என் அக்கா மகன் புதிதாக ஒரு கணினி அசெம்பிள் செய்தான். முடித்த கையோடு அதன் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பி, "மாமா, இதுல ஆப்டிகல்னு ஒரு ஓட்டை இருக்கு, அதுல மாட்டினா பாட்டு இன்னும் நல்லா கேட்குமா, இல்ல இந்தப் பச்சை ஜாக்கே போதுமா?" என்று கேட்டான். "உன் ஸ்பீக்கர் பின்னாடி என்னென்ன ஓட்டை இருக்குன்னு முதல்ல ஒரு போட்டோ அனுப்புடா" என்றேன். இதில் புதிதாக இறங்குகிற பலரும் கணினியையே சுற்றிச்சுற்றிப் பார்க்கிறார்கள், கேபிள் விலையைப் பார்க்கிறார்கள், மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். கணினிக்குள் பாட்டு என்பது வெறும் எண்கள். சிடி தரம் என்றால் ஒரு விநாடிக்கு இடது பக்கத்துக்கு 44,100 எண், வலது பக்கத்துக்கு 44,100 எண். வீடியோக்களில் பெரும்பாலும் 48,000. ஸ்பீக்கர் கூம்புக்கு எண் புரியாது, அதை முன்னும் பின்னும் அசைக்க ஏறி இறங்கும் மின்னழுத்தம் வேண்டும். ஆக, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் வேலை எங்காவது ஓர் இடத்தில் நடந்தே தீரும். அதைச் செய்யும் சிப்புக்கு டிஏசி என்று பெயர், பேச்சில் 'டாக்'. பச்சை ஜாக்கில் மாட்டினால் அந்த மாற்றம் கணினிக்குள்ளேயே முடிந்து, ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் வயரில் போகிறது, அதுதான் அனலாக். ஆப்டிகல் (ஒளி வழியாகப் போவது), கோஆக்சியல் (ஒற்றை உலோக வயர்), எச்டிஎம்ஐ, யுஎஸ்பி என்றால் எண்கள் எண்களாகவே வெளியே போய், ஆம்ப்ளிஃபயருக்குள்ளோ சவுண்ட்பாருக்குள்ளோ இருக்கும் வேறொரு டாக்கில் மாறுகின்றன. எந்தப் பெட்டிக்குள் இருக்கும் டாக்கை நம்புவது, போகிற வழியில் எவ்வளவு இரைச்சல் ஏறும், இந்த இரண்டையும் பார்த்தால் போதும், வயர் எது என்று தானாகத் தெரிந்துவிடும்.

முதல் வேலை: ஸ்பீக்கரின் பின்பக்கம்

மேசையில் வைக்கும் சாதாரண 2.0 (இரண்டு ஸ்பீக்கர்) அல்லது 2.1 (கூடவே ஒரு சப்வூஃபர்) ஸ்பீக்கராக இருந்து, பின்னால் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ ஓட்டைகளும் ஹெட்போன் பின் போகும் ஒரு ஆக்ஸ் ஓட்டையும் மட்டும் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. அனலாக்தான். ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ பின் உள்ள கேபிள் ஒன்று வாங்கினால் முடிந்தது. அந்த ஸ்பீக்கருக்காகக் கணினியில் ஆப்டிகலில் எடுத்து, நடுவில் ஒரு சின்ன கன்வர்ட்டர் பெட்டி வைத்து மறுபடி ஆர்சிஏ ஆக்குவது பெரும்பாலும் வீண் செலவு, இரைச்சல் தொல்லை இருந்தால் மட்டும் அதற்கு ஒரு நியாயம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

ஹோம் தியேட்டர் ரிசீவராகவோ சவுண்ட்பாராகவோ இருந்தால் எச்டிஎம்ஐ, ஆப்டிகல் இரண்டும் இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல ஸ்டீரியோ ஆம்ப் என்றால் சிலவற்றில் யுஎஸ்பி ஓட்டையே இருக்கும். இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போகும்போது கை கொடுக்கும்.

இரண்டாவது: கணினியின் பின்பக்கம்

அங்கே வரிசையாக இருக்கும் வண்ண ஓட்டைகளுக்கு அர்த்தம் உண்டு. 1990களின் கடைசியில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 விதிமுறையிலிருந்து வந்த பழக்கம் அது. பச்சை என்றால் முன் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன், இளஞ்சிவப்பு மைக், வெளிர் நீலம் வெளியிலிருந்து உள்ளே வரும் லைன் இன். 5.1, 7.1 (ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) கொடுக்கும் மதர்போர்டுகளில் கறுப்பு பின்பக்க ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும், சாம்பல் நிறம் பக்கவாட்டு ஸ்பீக்கருக்கு. மூன்றே ஓட்டை உள்ள போர்டுகளில் 5.1 வேண்டுமென்றால் சவுண்ட் டிரைவரில் போய் 5.1 என்று தேர்ந்தெடுத்ததும் நீலமும் இளஞ்சிவப்பும் வேலை மாறி வெளியே சத்தம் அனுப்ப ஆரம்பிக்கும். அப்போது மைக்கை முன்பக்க ஓட்டையில்தான் மாட்ட வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. சில போர்டுகளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆர்சிஏ ஓட்டையும் இருக்கும். அது கோஆக்சியல் டிஜிட்டல், நடு ஸ்பீக்கருக்கான ஆரஞ்சு 3.5 மி.மீ. ஓட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே மாதிரி, பச்சை ஜாக்கிலிருந்து வரும் ஆர்சிஏ பின்னை ஆம்ப்பின் கோஆக்சியல் ஓட்டையில் செருகினால் அச்சாகப் பொருந்தும், ஆனால் சத்தம் வராது. வடிவம் ஒன்றாக இருக்கிறதே என்று மாட்டிவிட்டு ஆம்ப் பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கோஆக்சியலுக்குத் தனிக் கேபிள் கிடைக்கவில்லை என்றால் பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ வயரையே போட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் தேவை 75 ஓம் கேபிள்தான்.

ஆப்டிகல் ஓட்டை சதுரமாக, சின்னக் கதவோடு இருக்கும். உள்ளே சிவப்பு ஒளி தெரிந்தால் அது வெளியே அனுப்பும் ஓட்டை. 1983ல் தோஷிபா நிறுவனம் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது இது, அதனால்தான் டாஸ்லிங்க் என்று பெயர். பழைய மேக்புக்குகளில் இதே சிவப்பு ஒளி ஹெட்போன் ஓட்டைக்குள் இருந்தது. பின்னைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் சிக்கிக்கொண்டு, லேப்டாப் தன் ஸ்பீக்கரை ஊமையாக்கிவிட்டு எங்கும் போகாத ஒளியில் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். நண்பர் ஒருவர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று சர்வீஸுக்குக் கொடுக்கக் கிளம்பினார். ஓட்டைக்குள் சிவப்பாக எரிவதைப் பார்த்து, ஒரு ஹெட்போன் பின்னை மெதுவாக நாலைந்து முறை செருகி எடுத்தோம், விளக்கு அணைந்தது, சத்தம் வந்தது.

பச்சை ஜாக் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். இதை முழு மனதோடு சொல்கிறேன். மதர்போர்டுச் சத்தம் மட்டம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது, இப்போது அப்படி இல்லை. 16 பிட் சிடியின் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியே சுமார் 96 டெசிபெல்தான். மதர்போர்டில் வரும் ரியல்டெக் ஏஎல்சி1220 போன்ற ஒலிச் சிப்புகளுக்குச் சொல்லப்படும் அளவு 120 டெசிபெல். போர்டில் பொருத்திய பிறகு அது குறையத்தான் செய்யும், என்றாலும் மூவாயிரம் ரூபாய் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அது ஒரு தடையே இல்லை. தனி டாக் வாங்கும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்கள்.

ஆனால் முறையாக மாட்ட வேண்டும். ஸ்பீக்கரை எப்போதும் பின்பக்கப் பச்சை ஓட்டையில் மாட்டுங்கள். கேபினெட்டின் முன்பக்க ஓட்டைக்குப் போகும் வயர் கிராஃபிக்ஸ் கார்டையும் ஃபேனையும் ஒட்டி உள்ளே சுற்றிக்கொண்டு போவதால் வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு வரும். அப்புறம், கணினியில் வால்யூமை 80, 90க்கு மேல் வைத்துவிட்டு ஆம்ப்பின் திருகில் கூட்டிக் குறையுங்கள். கணினியில் 15 வைத்து ஆம்ப்பை முழுக்கத் திருகினால் பாட்டோடு சேர்ந்து வயரில் ஏறிய இரைச்சலும் பெரிதாகிவிடும்.

கடையில் கேட்கும்போது, "அண்ணே, ஸ்டீரியோ பின் டு டூ ஆர்சிஏ, ஒன்றரை மீட்டர்" என்று கேட்டால் போதும், சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கும்போது பின்னின் நுனியைப் பாருங்கள். அதில் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் ஸ்டீரியோ, ஒன்று என்றால் மோனோ, மூன்று என்றால் மைக்கும் சேர்ந்த ஹெட்செட் பின். உங்களுக்கு வேண்டியது இரண்டு வளையம். அனலாக் வயர் மட்டும் கொஞ்சம் தடிமனாக, உள்ளே ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பின்னல்) உள்ளதாக இருக்கட்டும், தேவைக்கு மேல் நீளமும் வேண்டாம்.

கொர்ர்ர்... என்ற சத்தம்

அனலாக்கை விட்டு டிஜிட்டலுக்கு ஓட வைக்கிற உண்மையான காரணம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் வீட்டில் டெஸ்க்டாப்பைப் பழைய ஆம்ப்போடு இணைத்த அன்று, பாட்டு ஓடாதபோதும் வூஃபரில் அடித்தொண்டையில் முனகுவது போல ஒரு 'ம்ம்ம்'. அதற்கு மேல், மவுஸை நகர்த்தினால் ட்வீட்டரில் 'ஜ்ஜ்ஜ்' என்று மெல்லிய ஒரு கீறல், நகர்த்துவதை நிறுத்தினால் அதுவும் நின்றது. இரண்டு கேபிள் மாற்றிப் பார்த்தும் போகவில்லை, ஏனென்றால் குற்றம் கேபிளில் இல்லை.

கணினிக்கும் மூன்று பின் பிளக், ஆம்ப்புக்கும் மூன்று பின் பிளக், இரண்டும் சுவரில் வேறு வேறு இடத்தில் எர்த்தோடு சேர்கின்றன. ஆடியோ வயரின் வெளிப்பின்னல் இந்த இரண்டையும் இன்னொரு வழியாகவும் இணைத்துவிடுவதால் ஒரு வட்டம் உருவாகிறது, அந்த வட்டத்தில் நம் ஊர்க் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஓடி ஸ்பீக்கரில் முனகுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். கணினிக்குள் நடக்கும் வேலைகளின் சத்தமும் இதே வழியில் ஏறி வருவதால்தான் மவுஸை அசைத்தால் காதில் கேட்கிறது. ஆம்ப்போடு டிவியும், டிவியில் கேபிள் டிவி வயரும் இருந்தால் அந்த வயர் வழியாகவும் வட்டம் உருவாகலாம்.

கண்டுபிடிக்க வழி: கணினிப் பக்கம் உள்ள பின்னைக் கழற்றுங்கள். முனகல் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்ப் பக்கம். நின்றுவிட்டால் இணைப்பில்தான் விஷயம். லேப்டாப் என்றால் இன்னும் எளிது, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், இரைச்சல் போய்விட்டால் கிரவுண்ட் லூப்பேதான். கேபிள் டிவி வயரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

சரிசெய்ய முதலில் காசில்லாத வழி: கணினி, மானிட்டர், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே குறையும். குறையவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்னதாக ஒன்று கிடைக்கும், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஆடியோ வயரின் நடுவில் மாட்டினால் போதும். மலிவானதில் பேஸ் கொஞ்சம் குறையலாம். அதுவும் பிடிக்கவில்லை என்றால் ஆப்டிகல். ஒளி போகும் நாரில் உலோகம் இல்லை, ஆகவே வட்டமும் இல்லை. எங்கள் வீட்டில் கடைசியில் நின்றது இதில்தான். ஆம்ப்பில் ஆப்டிகல் ஓட்டை இல்லாததால் ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்கும் சின்னப் பெட்டி ஒன்றை ஆம்ப் பக்கத்தில் வைத்தேன், அன்றைக்கே வீடு அமைதியானது.

யாராவது எர்த் பின்னை வெட்டிவிடச் சொன்னாலோ, மூன்று பின்னை இரண்டு பின் ஆக்கும் அடாப்டரைப் போடச் சொன்னாலோ கேட்காதீர்கள். முனகல் போகும், ஆனால் உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் கேபினெட்டைத் தொடுகிற கைக்குக் கரண்ட் வரும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, டிஜிட்டல் என்றாலே இரைச்சல் போய்விடும் என்று எண்ணி யுஎஸ்பி டாக் வாங்குகிறார்கள். யுஎஸ்பி வயரிலும் எச்டிஎம்ஐயிலும் கோஆக்சியலிலும் உலோகம் இருக்கிறது, கணினியின் கிரவுண்ட் அதன் வழியே போய்ச் சேரும். உள்ளே பொறுக்கும் இரைச்சல் குறையலாம், ஆனால் கிரவுண்ட் லூப் நீங்க வேண்டும் என்றால் ஆப்டிகல்தான் உறுதி.

ஆப்டிகல் எதைச் செய்யாது

இரண்டு சேனல் பாட்டுக்கு ஆப்டிகல் அருமை. 5.1க்கு என்று வாங்கினால் கவனம் தேவை. அதில் சுருக்காத ஒலி இரண்டு சேனலுக்கு மட்டுமே இடம். 5.1 வேண்டும் என்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் சுருக்கி அனுப்ப வேண்டும். படத்தின் கோப்பிலேயே டால்பி டிராக் இருந்தால், விஎல்சி, கோடி போன்ற வீடியோ பிளேயரில் பாஸ்த்ரூ அமைப்பைப் போட்டதும் அது அப்படியே ரிசீவருக்குப் போய் அங்கே விரியும். கேம்களில் அந்த வசதி கிடையாது, ஒலி அந்தந்த நொடியில் உருவாகிறது. உங்கள் சவுண்ட் டிரைவரில் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் இருந்தால் ஒழிய முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் மட்டும்தான் பாடும். போர்டு வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்த்ரூ போட்டால் கணினியின் வால்யூம் வேலை செய்யாது, ரிசீவரின் ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். அதே நேரம், ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றுக்கு டால்பி புரியாது, அவற்றுக்கு சாதாரண ஸ்டீரியோவாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஒன்றும் கேட்காது அல்லது கரகரக்கும். ஒலி நின்று மறுபடி தொடங்கும்போது ரிசீவர் விழித்துக்கொள்ள ஒரு நொடி எடுக்கும், அதனால் மெசேஜ் வரும் 'டிங்' போன்ற குட்டிச் சத்தங்கள் முழுங்கப்படுவது சகஜம்.

கேபிளைப் பிரித்ததும் இரண்டு நுனியிலும் உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். இதை மறந்துவிட்டு உள்ளே போகவில்லையே என்று அழுத்தி ஓட்டையின் கதவையே உடைத்தவர்கள் உண்டு. சரியான பக்கம் திருப்பினால் 'டிக்' என்று உட்காரும். மூலையில் மடக்காதீர்கள், கட்டில் காலுக்கு அடியில் விடாதீர்கள். 5 மீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

தங்க முலாம் பூசிய ஆப்டிகல் கேபிள் என்று யாராவது விலை சொன்னால் அமைதியாக வைத்துவிட்டு வாருங்கள். டிஜிட்டலில் எண் சரியாகப் போனால் ஒலி அதேதான், கேபிளால் இனிமை கூடாது. சரியாகப் போகவில்லை என்றால் விட்டுவிட்டுக் கேட்கும், டப் டப் என்று வெடிக்கும், இல்லை மொத்தமாக நின்றுவிடும். அப்போது மாற்றினால் போதும்.

எச்டிஎம்ஐ

ரிசீவர் வைத்து கேமும் படமும் பார்ப்பவர் என்றால் நேராக இதற்கே போங்கள். சுருக்காத ஒலியையே 8 சேனல் வரை கொண்டுபோகும், கேமின் 5.1ம் 7.1ம் எந்தத் தந்திரமும் இல்லாமல் வரும். கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ரிசீவருக்கு ஒரு வயர், ரிசீவரிலிருந்து மானிட்டருக்கோ டிவிக்கோ இன்னொரு வயர். கணினியை டிவியில் மாட்டி, டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வயரிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக சவுண்ட்பாருக்கு எடுப்பதும் உண்டு. 2009ல் எச்டிஎம்ஐ 1.4ல் வந்த சாதாரண ஏஆர்சி கிட்டத்தட்ட ஆப்டிகல் கொண்டுபோகும் அளவுதான் கொண்டுபோகும். சுருக்காத 5.1 வேண்டும் என்றால் டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும். திரை தூங்கினால் பாட்டும் நின்றுவிடுவது எச்டிஎம்ஐயில் எனக்குப் பிடிக்காத ஒன்று. இரவில் திரையை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது சரிவராது.

யுஎஸ்பி, ப்ளூடூத்

ஹெட்போனில் கேட்பவர்களுக்கு யுஎஸ்பி நல்ல வழி. விரல் நீளத்தில் ஒரு டாங்கிள் போதும், டாக்கும் ஹெட்போன் ஆம்ப்பும் அதற்குள்ளேயே இருக்கும். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டை தளர்ந்துபோய் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால், சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் இதை வாங்கிப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10ன் 2017 அப்டேட்டுக்குப் பிறகு பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேரே கணினியில் செருகுங்கள்.

ப்ளூடூத்தும் டிஜிட்டல்தான், ஆனால் உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடையே தாமதம் வரும், ஹெட்செட்டின் மைக்கை இயக்கினால் பாட்டின் தரம் சட்டென்று போன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும். கேமுக்கும் மீட்டிங்குக்கும் வயரே மேல்.

மாட்டியாயிற்று, சத்தம் வரவில்லையா?

விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். பச்சை ஜாக்குக்கு ஸ்பீக்கர்ஸ் என்றும், ஆப்டிகலுக்கு டிஜிட்டல் அவுட்புட் என்றும், எச்டிஎம்ஐக்கு மானிட்டர் அல்லது ரிசீவரின் பெயரும் இருக்கும். எச்டிஎம்ஐ மானிட்டர் மாட்டியதும் விண்டோஸ் தானாகவே சத்தத்தை ஸ்பீக்கர் இல்லாத அந்த மானிட்டருக்குத் திருப்பிவிடுவது அன்றாடம் நடப்பது. லினக்ஸில் ஆப்டிகல் ஓட்டைக்கு ஐஇசி958 என்று பெயர் இருக்கும், அது ஊமையாக வைக்கப்பட்டிருக்கலாம். டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் திறந்து, எஃப்6 அழுத்தி கார்டைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயருக்கு நகர்ந்து எம் விசையை ஒருமுறை தட்டுங்கள். கடைசியாக ஆம்ப்பின் இன்புட் தேர்வையும் பாருங்கள், ஆப்டிகலில் மாட்டிவிட்டு ஆக்ஸில் வைத்திருந்தால் எதுவும் கேட்காது.

அக்கா மகன் அனுப்பிய இரண்டாவது போட்டோவில் இருந்தது பழைய 5.1 ஸ்பீக்கர் செட், அவன் தாத்தா டிவிடி காலத்தில் வாங்கியது. பின்னால் ஆறு ஆர்சிஏ ஓட்டை, ஆப்டிகலும் கிடையாது, எச்டிஎம்ஐயும் கிடையாது. மூன்று ஸ்டீரியோ டு ஆர்சிஏ வயர் வாங்கச் சொன்னேன்: பச்சை முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் வூஃபருக்கும். நடு ஸ்பீக்கரில் வர வேண்டிய குரல் வூஃபரில் கரகரத்தது, அந்த இரண்டு ஆர்சிஏவையும் இடம் மாற்றி மாட்டச் சொன்னேன். "மாமா, பின்னாடி இருந்து காலடிச் சத்தம் வருது" என்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தான்.